மோட்டாரும் பெல்ட்டும் புல்லியும்
பழைய சாமான்களைத் தேடிச் சேர்த்து, வீட்டிலேயே ஓர் இயந்திரம்

உங்கள் வீட்டு மூலையில் அம்மாவின் கால்மிதித் தையல் இயந்திரம் இன்னும் இருக்கிறதா? இருந்தால் அதன் அருகே சென்று சற்றுக் குனிந்து பாருங்கள். கீழே பெரிய இரும்புச் சக்கரம். மேலே கைப்பக்கம் சின்னச் சக்கரம். இரண்டையும் இணைத்து ஓடும் ஒரு தோல்வார். காலால் மெதுவாக மிதித்தாலும் ஊசி படபடவென்று துள்ளுகிறதல்லவா? பெரிய சக்கரம் ஒருமுறை சுற்றி முடிப்பதற்குள் சின்னச் சக்கரம் பலமுறை சுற்றிவிடுகிறது. பெல்ட், புல்லி என்னும் வித்தையின் முழுச் சூட்சுமமும் இவ்வளவுதான்.

தோட்டத்துப் பெரியவர்களுக்கு இது புதிய செய்தியன்று. பழைய ரப்பர்த் தொழிற்சாலைகளில் ஒரே ஓர் எஞ்சின் ஓட, கூரையடியில் நீண்ட இரும்பு அச்சு ஒன்று சுழல, அதிலிருந்து இறங்கிய பட்டை வார்கள்தாம் ரப்பரைப் பிழியும் உருளைகளைச் சுற்றின. அன்று தோட்ட நிர்வாகத்திடம் மட்டும் இருந்த அந்த வசதியை இன்று நம் சமையற்கட்டிலும் வைத்துக்கொள்ளலாம். முற்காலத்தில் பல தோட்டங்களில் மாலை நேரத்தில் சில மணி நேரம் மட்டுமே தோட்டத்து ஜெனரேட்டர் ஓடும். அதில் விளக்கு எரிவதே பெரிய காரியம். இன்று நாள் முழுவதும் மின்சாரம் இருக்கிறது. ஆகவே, மோட்டார் கருகிப்போன கிரைண்டரை மீண்டும் ஓட்டவோ, தேங்காய் துருவவோ, வீட்டுப் பட்டறையில் சாணைக்கல் சுற்றவோ நாமே ஓர் அமைப்பைச் செய்துகொள்ள முடியும். அதற்கு வேண்டிய சாமான்களை ஜோகூரில் எங்கே தேடுவது, எதைப் பார்த்து வாங்குவது, எதை வாங்கவே கூடாது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

கோவையில் பிறந்த கிரைண்டர்

வீட்டுத் தேவைக்காக மோட்டாரையும் கல்லையும் சேர்த்துவைத்தவர்களில் முன்னோடிகள் நம் கோயம்புத்தூர்க்காரர்கள்தாம். 1937-இல் கோவை பீளமேட்டில் ஜி. டி. நாயுடுவின் தொழிற்சாலையிலிருந்து இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் வெளிவந்தது. அதை உருவாக்கியதில் பெரும்பங்கு டி. பாலசுந்தரம் நாயுடுவுக்கு உண்டு. நூல் ஆலைகளும் இறைவை மோட்டார்களும் நிறைந்த அந்த ஊரில், வார்ப்புப் பட்டறைகளும் கடைசல் பட்டறைகளும் தெருவுக்குத் தெரு முளைத்தன.

அப்படிப்பட்ட ஊரில் 1955-இல் பி. சபாபதி என்பவர் மாவரைக்கும் ஆட்டுக்கல்லை மோட்டாரால் ஓடும்படி செய்தார். பிறகு ஆர். துரைசாமி, தொட்டியைச் சாய்த்து மாவை வழித்தெடுக்கும் கிரைண்டரைக் கொண்டுவந்தார். மேசைமேல் வைக்கும் சிறிய கிரைண்டர் எல். ஜி. வரதராஜ் அவர்களின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. கல்லுக்கு ஊத்துக்குளிப் பக்கத்துக் கருங்கல், மோட்டாருக்கு உள்ளூர்ப் பட்டறை என்று எல்லாம் கையெட்டும் தூரத்திலேயே கிடைத்ததால் அந்தத் தொழில் அங்கேயே வேரூன்றியது. 2005–06 ஆம் ஆண்டில் 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இதில் நமக்கொரு பாடம் இருக்கிறது. அந்தக் கிரைண்டர் வானத்திலிருந்து குதித்ததன்று. அக்கம்பக்கத்தில் கிடைத்த பொருள்களை அளவறிந்து சேர்த்ததால் பிறந்தது. இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போகவேண்டிய தாய்மார்கள், முதல் நாள் இரவு வேலைக் களைப்போடு உட்கார்ந்து ஆட்டுக்கல்லைச் சுற்றிய காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு மோட்டாரும் ஒரு பெல்ட்டும் அவர்களுக்கு மிச்சப்படுத்தித் தந்தது உழைப்பை மட்டுமா? உறக்கத்தையும் அல்லவா!

முதலில் கணக்கு, பிறகுதான் கடை

சாமான் வாங்கப் புறப்படுமுன் ஒரு துண்டுக் காகிதத்தை எடுங்கள். கணக்கு மிக எளிது. மோட்டாரின் வேகத்தை மோட்டார்ப் புல்லியின் விட்டத்தால் பெருக்கி, ஓட்டப்போகும் புல்லியின் விட்டத்தால் வகுத்தால், அந்தப் புல்லி நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்பது தெரிந்துவிடும்.

மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று. அதில் 3 அங்குலப் புல்லி. மறுபக்கம் 12 அங்குலப் புல்லி என்று வைத்துக்கொள்வோம். 1440-ஐ 3-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 360 வரும். வேகம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் சுற்றும் விசை ஏறத்தாழ நான்கு மடங்காகக் கூடியிருக்கும். வேகத்தைக் கொடுத்து வலுவை வாங்குகிறோம். இன்னும் வேகம் குறைய வேண்டுமானால், ஒரே தாவலில் குறைக்க முயலாமல் இடையில் இன்னோர் அச்சும் இரண்டு புல்லிகளும் வைத்து இரண்டு படியாகக் குறைப்பதே நல்லது.

பழைய கிரைண்டரைச் சீர்செய்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அதன் பழைய புல்லிகளை மட்டும் எறிந்துவிடாதீர்கள்! அவற்றின் விட்டத்தையும், கருகிய மோட்டாரின் தகட்டில் உள்ள வேகத்தையும் குறித்துக்கொண்டு அதே அளவில் அமைத்தால் கல் முன்போலவே சுற்றும். தொட்டி வேகமாகச் சுற்றினால் நல்லதுதானே என்று எண்ணாதீர்கள். மாவு சூடேறும், கல் துள்ளும், தொட்டி கழன்று விழவும் கூடும்.

மோட்டார்: தகட்டைப் படியுங்கள்

மோட்டாரின் உடம்பில் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதுதான் அதன் பிறப்புச் சான்றிதழ். தகடு இல்லாத மோட்டாரை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாமல் வாங்காதீர்கள்.

தகட்டில் நான்கு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது வோல்ட். நம் வீட்டுக்கு வருவது 230 அல்லது 240 வோல்ட், 50 சைக்கிள். 100 அல்லது 110 வோல்ட் என்று எழுதியிருந்தால் அது வேறு நாட்டுச் சரக்கு. நேராக மாட்டினால் சற்று நேரத்தில் புகைந்துவிடும். இரண்டாவது பேஸ். வீட்டுக்கு வேண்டியது ஒற்றைப் பேஸ் மோட்டார். பழைய இரும்புக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஆலை மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட், மூன்று பேஸ். பார்க்க அழகாக இருக்கும். விலையும் ஆசை காட்டும். ஆனால் வீட்டுச் சுவிட்சில் நேராக ஓடாது. மூன்றாவது சக்தி. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். வீட்டுக் கிரைண்டர் போன்ற வேலைக்குக் கால் முதல் அரைக் குதிரைத்திறன் போதும். நான்காவது வேகம். 1400-க்கும் 1450-க்கும் இடைப்பட்ட மோட்டாரே பெல்ட் வேலைக்கு வாகானது. 2800, 2900 என்றிருந்தால் புல்லிக் கணக்கு மாறிவிடும்.

பழைய இரட்டைத் தொட்டித் துணிதுவைக்கும் இயந்திரம் கிடைத்தால் அதை விடாதீர்கள். மோட்டார், சின்னப் புல்லி, பெரிய புல்லி, பெல்ட், கெப்பாசிட்டர் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியபடி ஒரே பெட்டியில் இருக்கும். ஆனால் அந்த மோட்டார் சில நிமிடம் ஓடி ஓய்வெடுப்பதற்காகச் செய்யப்பட்டது. ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் தாங்காது. முன்பக்கக் கதவுள்ள புதுவகை இயந்திரத்தின் மோட்டாரோ வேறு சாதி. அதை அதற்குரிய மின்னணுப் பலகை இல்லாமல் நேராக மின்சாரத்தில் மாட்டினால் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறிக்கொண்டே போகும். நமக்கு அது வேண்டாம்.

கடையில் மோட்டாரைக் கையால் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். அச்சைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். கருகிய வாடை வந்தால் உள்ளே கம்பிச்சுருள் போய்விட்டது. பத்து நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நிறுத்திய பின் தொட்டுப் பாருங்கள்; இளஞ்சூடு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு இருக்கக்கூடாது. மறவாதீர்கள்: மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். தெரியாதவர்கள் அதன் முனைகளைத் தொடலாகாது.

பெல்ட்: நம் பால் பிறந்த பொருள்

ஆங்கில எழுத்து 'வி' வடிவில் பக்கங்கள் சரிந்திருக்கும் பெல்ட்டை 1917-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் உருவாக்கினார். அதற்கு முன் தோல்வாரும் கயிறும்தாம். ரப்பரும் நூலும் சேர்ந்த அந்தப் புதுப் பட்டை மோட்டார் வண்டிகளின் காற்றாடிகளைச் சுற்றியது. பிறகு உலகத்து ஆலைகளையெல்லாம் சுற்றியது. இன்று பெரும்பாலும் செயற்கை ரப்பரில்தான் செய்கிறார்கள். என்றாலும் விடியற்காலையில் நம் பாட்டனும் பாட்டியும் மரத்தில் கோடு போட்டு இறக்கிய பாலுக்கும் இந்தப் பட்டைக்கும் பழைய உறவு உண்டு என்பதை நினைக்கையில் நெஞ்சு நிமிர்கிறது.

இந்தப் பெல்ட் புல்லிப் பள்ளத்தின் அடியைத் தொடக்கூடாது. இரு பக்கச் சுவர்களையும் ஆப்புப்போல் கவ்வித்தான் அது இழுக்கிறது. பள்ளத்தின் அடிப்பாகம் பளபளவென்று தேய்ந்திருந்தால், பெல்ட்டோ புல்லியோ ஆயுள் முடிந்துவிட்டது என்று பொருள்.

வீட்டு வேலைக்கு இரண்டு ரகங்கள் போதும். 'எம்' ரகம் மேல் அகலம் 10 மில்லிமீட்டர். துணிதுவைக்கும் இயந்திரங்களில் காண்பது. 'ஏ' ரகம் அகலம் 13, கனம் 8 மில்லிமீட்டர். கிரைண்டருக்கும் சிறு பட்டறை இயந்திரங்களுக்கும் ஏற்றது. ஏ-54 என்று அச்சிட்டிருந்தால் அதன் உள்சுற்றளவு 54 அங்குலம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நீளத்தைக் கணக்கிடுவதும் எளிதே. மேலே சொன்ன 3, 12 அங்குலப் புல்லிகளின் நடுவிடங்களுக்கு இடையே 15 அங்குலத் தூரம் என்று வைப்போம். தூரத்தின் இரு மடங்கு 30. இரு விட்டங்களையும் கூட்டி 1.57-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 23.5. விட்டங்களின் வித்தியாசம் 9. அதை அதனாலேயே பெருக்கினால் 81. அதைத் தூரத்தின் நான்கு மடங்கான 60-ஆல் வகுத்தால் 1.35. ஆக மொத்தம் 55 அங்குலத்துக்குச் சற்றே குறைவு. 'ஏ' ரகத்தில் உள்சுற்றளவு இந்தக் கணக்கைவிட ஏறத்தாழ ஒன்றேகால் அங்குலம் குறைந்திருக்கும். ஆகவே ஏ-54 வாங்கி, மோட்டாரைச் சற்றே வெளியே நகர்த்தி மாட்டினால் சரியாக நிற்கும். இதற்காகவே மோட்டார் உட்காரும் பலகையில் நீளமான துளைகள் போட்டு வையுங்கள். பின்னால் பெல்ட் தளர்ந்தாலும் மோட்டாரை நகர்த்தி இறுக்கிக்கொள்ளலாம்.

இறுக்கம் எவ்வளவு? இரு புல்லிகளுக்கும் நடுவே பெருவிரலால் அழுத்தினால் ஏறத்தாழக் கால் அங்குலம் அமுங்கினால் போதும். அளவுக்கு மீறி இறுக்கினால் பேரிங்தான் சாகும். பெல்ட்டில் எண்ணெய் படவிடாதீர்கள். எண்ணெய் ரப்பருக்குப் பகை என்பதை உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

புல்லியும் பேரிங்கும்

புல்லி வாங்கும்போது வெளி விட்டத்தை மட்டும் பார்ப்பவர்களே அதிகம். நடுத்துளையின் அளவும் முக்கியம். மோட்டார் அச்சு அரை அங்குலமா, எட்டில் ஐந்தா, மில்லிமீட்டர் அளவா என்று அளந்துகொண்டு போங்கள். அளக்கத் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டியதில்லை. மோட்டாரையே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். துளை பெரிதாயிருந்தால் தகரத்தைச் சுருட்டிச் செருகி ஒப்பேற்றாதீர்கள். ஓட ஓடப் புல்லி தள்ளாடி அச்சையே தின்றுவிடும். கடைசல் பட்டறையில் கொடுத்து உள்ளே குழல் போட்டுத் தருமாறு கேளுங்கள். 'ஏ' ரகப் பெல்ட்டுக்கு 3 அங்குலத்துக்குக் குறைந்த புல்லி வேண்டாம். பெல்ட் அதிகமாக மடிந்து சீக்கிரம் வெடித்துவிடும்.

பேரிங் எண்ணைப் படிக்கவும் ஒரு சின்னத் தந்திரம் உண்டு. கடைசி இரண்டு எண்களை ஐந்தால் பெருக்கினால் உள்துளையின் மில்லிமீட்டர் அளவு வரும். 6204 என்றால் 20. 6205 என்றால் 25. இது 04-இலிருந்துதான் செல்லும். 6203-க்கு மட்டும் 17 என்று தனியாக மனத்தில் வையுங்கள். அச்சைத் தாங்கப் பீடத்தோடு கூடிய பேரிங்குகள் கிடைக்கின்றன. யூசிபி 204 என்று கேட்டால் 20 மில்லிமீட்டர் அச்சுக்குரியதை எடுத்துத் தருவார்கள். இரண்டு போல்ட்டில் பலகையில் பதித்துவிடலாம்.

ஜோகூரில் எங்கே தேடுவது?

முதலில் உங்கள் லயத்திலேயே தேடுங்கள். பழுதான துணிதுவைக்கும் இயந்திரம், ஓடாத கிரைண்டர், காலொடிந்த தையல் மேசை என்று எத்தனையோ பொருள்கள் வீட்டுப் பின்புறங்களில் துருப்பிடித்துக் கிடக்கின்றன.

அடுத்தது பழைய இரும்புக் கடை. குளுவாங், சிகாமட், பத்து பகாட், கூலாய் போன்ற பட்டணங்களின் ஓரங்களில் இத்தகைய கடைகளைக் காணலாம். நிறுத்துதான் விற்பார்கள். அங்கே போல்ட்டு, கோண இரும்பு, புல்லி, அச்சு இவற்றை வாங்கலாம். பெல்ட்டையும் பேரிங்கையும் மட்டும் பழையதாக வாங்கவே வேண்டாம். அவை புதிதாக இருக்கட்டும். அதில் மிச்சம் பிடிக்கும் சில வெள்ளி பின்னால் பல வெள்ளிச் செலவில் கொண்டுபோய் விடும்.

புதிய பெல்ட், பேரிங் வேண்டுமானால் லாரிப் பட்டறைகள் கூடியிருக்கும் தெருக்களிலும், தெப்ராவ், பாசிர் கூடாங், செனாய் போன்ற தொழிற்பேட்டை வட்டாரங்களிலும் விசாரியுங்கள். எண்ணைச் சொன்னால் போதும், மொழி தடையாகாது. மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடைகளில், பழுது பார்த்து வைத்திருக்கும் மோட்டார்கள் சில சமயம் விலைக்குக் கிடைக்கும். பழைய இரும்புக் கடையைவிட விலை சற்றுக் கூடும். ஆனால் ஓட்டிப் பார்த்து வாங்கலாம்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளைகள் முன்பெல்லாம் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில் அலைந்து திருகாணி முதல் மோட்டார் வரை வாங்கி வருவார்கள். அந்தச் சந்தை 2017 ஜூலை 10-ஆம் நாளோடு மூடப்பட்டுவிட்டது. ஆதலால் அதை நம்பிப் பாலம் தாண்டிப் போக வேண்டாம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. தோட்டத்து ஆலையிலோ செம்பனை ஆலையிலோ ஓரமாகக் கிடக்கும் பொருளைப் பார்த்து, "யாருக்கும் வேண்டாததுதானே" என்று தம்பிமார்கள் தூக்கிவிடக் கூடாது. அது கழிவானாலும் நிர்வாகத்தின் சொத்து. முறைப்படி கேளுங்கள், கொடுத்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் பழைய மோட்டாருக்கும் ரசீது கேளுங்கள். ஒரு புல்லிக்காக ஒருவன் வேலையை இழப்பது எவ்வளவு பெரிய கொடுமை!

உயிரைவிட இயந்திரம் பெரிதன்று

இனிச் சொல்லப்போவதைத் தாய்மார்கள் கட்டாயம் படிக்க வேண்டும். ஓடும் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே உள்ள அந்த இடுக்கு இரக்கம் அறியாதது. சேலைத் தலைப்பு, பின்னல், துண்டு, குழந்தையின் விரல் எது சிக்கினாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும். மோட்டாரை நிறுத்துவதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிடும். ஆகவே பெல்ட்டையும் இரண்டு புல்லிகளையும் நான்கு பக்கமும் மூடாமல் ஒருநாள்கூட ஓட்டக்கூடாது. குழந்தையின் சுண்டுவிரலும் நுழையாத கம்பிவலையோ பலகைப் பெட்டியோ போடுங்கள். மூடி செய்ய நேரமில்லை என்றால், இயந்திரம் செய்யவும் நேரமில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மின்சாரம். கிரைண்டர் இருக்குமிடத்தில் தண்ணீரும் இருக்கும். மோட்டார் உடம்பிலும் இரும்புச் சட்டத்திலும் பச்சை மஞ்சள் நிற எர்த் வயர் கட்டாயம் இணைந்திருக்க வேண்டும். மூன்று முள் பிளக்கைத்தான் பயன்படுத்த வேண்டும். வீட்டு மின்பெட்டியில் கசிவு மின்சாரத்தைக் கண்டு துண்டிக்கும் சுவிட்ச் உண்டு. அது 30 மில்லி ஆம்பியரில் துண்டிப்பதா, 100-இலா என்று பாருங்கள். மனித உயிரைக் காப்பதற்கு 30 அளவுதான் தகுந்தது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். வயர் வேலையைப் பதிவு பெற்ற வயர்மேனிடமே கொடுங்கள். பக்கத்து வீட்டுத் தம்பி கெட்டிக்காரனாக இருக்கலாம். ஆனால் மின்சாரம் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து விலகிப் போவதில்லை.

நிறுத்தும் சுவிட்ச், இயந்திரத்தின் முன்னால், ஈரக்கை படாத உயரத்தில், எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்கட்டும். பெல்ட்டை மாற்றவோ தொட்டியைக் கழற்றவோ போகும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே உருவி எடுத்துக் கண்முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்யலாமா, வாங்கலாமா?

எல்லாச் சாமான்களின் விலையையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். பட்டறைக் கூலியையும் வயர்மேன் கூலியையும் விட்டுவிடாதீர்கள். மொத்தம் புதுக் கிரைண்டர் விலையில் பாதியைத் தாண்டுமானால் புதியதை வாங்குவதே உத்தமம். வீட்டிலேயே பழைய மோட்டாரும் புல்லியும் இருந்து, பெல்ட்டும் பேரிங்கும் மட்டும் வாங்கினால் போதும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். தோசை மாவு அரைத்து அக்கம்பக்கத்தில் விற்று நாலு காசு பார்க்க நினைக்கும் தாய்மார்களுக்கு அது நல்ல தொடக்கமாக இருக்கும்.

காசைவிடப் பெரிய வரவு ஒன்றும் உண்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். பெருக்கலும் வகுத்தலும் எதற்கு என்று கேட்டுச் சலித்துக்கொள்ளும் பிள்ளை, தான் போட்ட கணக்குப்படி புல்லி சுற்றுவதைக் கண்ணால் பார்க்கும்போது அதன் முகத்தில் ஒரு வெளிச்சம் தோன்றும். கோவைப் பட்டறைகளில் அன்று தோன்றியதும் அதே வெளிச்சம்தான். நம் லயங்களிலிருந்தும் நாளைக்கு ஒரு சபாபதி வரக்கூடாது என்று யார் சொன்னது?